அலிஃப் வளைந்த நாள்

எங்கள் தெருப் பெண்மக்களில் பாதிப்பேருக்குக் குர்ஆன் ஓதக் கற்றுக் கொடுத்தவர் எங்கள் நன்னி. எழுபத்தாறு வயதிலும் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் முற்றத்தில் ரேஹால் பலகையை விரித்து அமர்ந்துவிடுவார். எதிரே நான்கைந்து சிறுமியர் இருப்பார்கள். பிழையாக ஓதும் பிள்ளையை அவர் அடித்ததில்லை. தலையை நிமிர்த்தி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு காலை. ஓதிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். முஸ்ஹஃபை ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அலிஃபெல்லாம் வளைஞ்சு தெரியுதே!" என்றார்.

சிறுமியர் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். "கண்ணாடி பழசாயிட்டுது நன்னி, மாத்தணும்" என்றேன் நான். "புரையாத்தான் இருக்கும். முத்தட்டும், நோன்புப் பெருநாள் கழிச்சுப் பார்த்துக்கலாம்" என்றார் உம்மா. நன்னியும் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. வயதானவர்கள் தம் உடம்பைப் பற்றி ஒருமுறைதான் சொல்வார்கள். இரண்டாம் முறை சொன்னால் வீட்டிற்குச் சுமையாகிவிடுவோம் என்று எண்ணிக்கொள்வார்கள்.

அலிஃப் நேர்க்கோடு போன்ற எழுத்து. அது வளைந்து தெரிகிறது என்பதைவிடத் தெளிவாக இந்த நோயை எந்த மருத்துவ நூலும் சொல்லிவிட முடியாது. வீட்டிலிருந்த எங்களுக்குத்தான் அது விளங்கவில்லை. நான்கு மாதங்கள் கடந்தன.

நடுப்பார்வையின் நோய்

விழியின் பின்சுவரில் ஒளியை உணரும் மெல்லிய திரை ஒன்று விரிந்திருக்கிறது. அதை விழித்திரை என்கிறோம். அதன் நடுவே, சில மில்லி மீட்டர் அகலமே உள்ள ஒரு மஞ்சள் நிறப் பகுதி உண்டு. மருத்துவர்கள் அதை மாக்குலா என்பார்கள். எழுத்தைப் படிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும், அரிசியில் கல் பொறுக்குவதும் இந்தச் சிறு புள்ளியின் வேலைகளே. விழித்திரையின் மற்றப் பகுதி முழுவதும் சுற்றுப்புறத்தைக் காட்டும். ஆனால் நுணுக்கம் காட்டாது.

வயது ஐம்பதைக் கடந்த பிறகு சிலருக்கு இந்தப் புள்ளி சிதையத் தொடங்குகிறது. விழித்திரையின் அடியில் கழிவுப் பொருள் சிறுசிறு மஞ்சள் பொட்டுகளாகப் படிகிறது. இதற்கு டுரூசன் என்று பெயர். முதுமை மாக்குலாச் சிதைவு என்னும் இந்நோயை மருத்துவமனைகளில் ஏ.எம்.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். பெரும்பாலோருக்கு வருவது உலர் வகை. அது ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும். சிலருக்கு முற்றிய நிலையில் விழித்திரையில் திட்டுத்திட்டாக உயிரணுக்கள் மடிந்து, படிக்கும் பார்வையை அரித்துவிடும்.

பத்துப் பேரில் ஓரிருவருக்கு நோய் வேறு வழியில் திரும்புகிறது. விழித்திரைக்கு அடியில் உள்ள இரத்தக்குழாய்ப் படலத்திலிருந்து, இருக்கக்கூடாத இடத்தில், புதிய குழாய்கள் முளைத்து மேலேறுகின்றன. சுவரின் விரிசலில் ஆலஞ்செடி வேர்விடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இக்குழாய்கள் பலமற்றவை. நீர் கசியும், இரத்தமும் கசியும். கசிவு விழித்திரையை மேடாக்கும்போது நேர்க்கோடுகள் நெளிந்து தெரிகின்றன. இதுவே ஈர வகை. எண்ணிக்கையில் குறைவானாலும், இந்நோயால் திடீரென்று பார்வை இழப்பவர்களில் பெரும்பாலோர் இவ்வகையினரே. நம்மைப் போன்ற ஆசிய மக்களிடம் இதன் ஒரு கிளைவகை சற்று அதிகமாகக் காணப்படுகிறது. அதில் குழாய்களின் முனைகள் திராட்சைக்காய் போல் புடைத்து, ஒரே வீச்சில் பெரும் இரத்தக் கசிவை உண்டாக்கிவிடும்.

உலர் வகை ஈர வகையாக மாறுவதற்கு முன்னறிவிப்பு ஏதும் இல்லை. மாறிய பிறகு நாள்கள் கணக்காகிவிடுகின்றன. இங்கிலாந்தில் 2018இல் வெளியான மருத்துவ வழிகாட்டு நெறி, இந்நோய் என்று ஐயுற்று அனுப்பப்பட்டவருக்கு 14 நாட்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்கிறது. நாங்கள் நான்கு மாதம் புரை முத்தக் காத்திருந்தோம். கண்புரை பொறுத்திருக்கும் நோய். பார்வையை மங்கச் செய்யுமேயன்றி, அது கோட்டை வளைக்காது. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தால் போதுமாயிருந்தது.

மறைந்து போயிருந்த வலது கண்

பெருநாள் கழிந்தது. உறவில் ஒரு நிக்காஹ் வந்தது. அதுவும் கழிந்த மறுவாரம், தஹஜ்ஜுதுக்கு எழுந்த நன்னி விளக்கைப் போட்டுவிட்டு உம்மாவை எழுப்பினார். "கடிகாரம் இருக்கிற இடத்துல கறுப்புத் தட்டு ஒண்ணு தொங்குது. சுவரு தெரியுது, கடிகாரத்தைத்தான் காணோம்" என்றார். எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டு கூடவே வந்தது. எங்கள் முகங்களையும் அது மறைத்தது. காதும் முந்தானையும் தெரிந்தன; முகம் தெரியவில்லை.

அன்றே நகரத்துக் கண் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். விழித்திரை மருத்துவர் இரண்டு கண்களையும் பார்த்து முடித்துவிட்டு, இடது கண்ணைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று கேட்டார்: "வலது கண் எப்போது போனது?"

எங்களில் எவருக்கும் தெரியவில்லை. நன்னிக்கே தெரியவில்லை.

வலது கண்ணின் நடுவில் பழைய தழும்பு இருந்தது. எப்போதோ இரத்தம் கசிந்து, உறைந்து, வடுவாகிப் போயிருந்தது. இரண்டு கண்களும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். ஒரு கண்ணை மூடிப் பார்க்க எந்த அவசியமும் வாழ்வில் நேர்வதில்லை. அவரை ஓத வைத்துக்கொண்டிருந்தது இடது கண் ஒன்றேயாகும். அதில்தான் அலிஃப் வளைந்தது. அதில்தான் இப்போது இரத்தம் நிரம்பியிருந்தது.

ஒரு கண்ணில் ஈர வகை வந்தவருக்கு மற்றக் கண்ணிலும் வரும் வாய்ப்பு அதிகம். வலது கண் போனதை எவரேனும் கண்டிருந்தால், இடது கண்ணைக் காவல் காத்திருக்கலாம். மருத்துவர் இதைக் கடிந்து சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்லாததே எங்களுக்குக் கனமாயிருந்தது.

பிறகு பரிசோதனைகள் நடந்தன. கையின் நரம்பில் மஞ்சள் சாயம் ஏற்றிக் கண்ணைப் படமெடுத்தார்கள். அன்று முழுவதும் சிறுநீர் மஞ்சளாகப் போகும், அஞ்ச வேண்டாம் என்று தாதி சொல்லியனுப்பினார். ஓ.சி.டி. என்னும் கருவி, ஒளியைக் கொண்டே விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்கே வெட்டியது போலக் காட்டியது. 1991இல் அறிவிக்கப்பட்ட கண்டுபிடிப்பு அது. வலி இல்லை, சாயம் இல்லை. தாடையை ஊன்றிச் சில நொடி அசையாமல் இருந்தால் போதும்.

கண்ணுக்குள் ஊசி

இந்தச் சொல்லைக் கேட்டவுடன் பல வீடுகளில் பேச்சு நின்றுவிடுகிறது. எங்கள் வீட்டிலும் நின்றது. ஆனால், 2006க்கு முன் இந்நோய்க்கு ஆளானவர்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். லேசர் கொண்டு சுட்டால் குழாயோடு விழித்திரையும் வெந்தது. 2000இல் வந்த ஒளிமருந்துச் சிகிச்சை சேதத்தைத் தாமதப்படுத்தியதே தவிர, பெரும்பாலோர்க்குப் பார்வையைத் திருப்பித் தரவில்லை.

புதிய குழாய்களை முளைக்கத் தூண்டும் ஒரு புரதம் உடலில் உண்டு. அதைத் தடுக்கும் மருந்துகளே இன்றைய ஊசிகள். ராணிபிசுமாப் என்னும் மருந்தை ஆராய்ந்த முடிவுகள் 2006இல் வெளியாயின. மாதந்தோறும் ஊசி போட்டுக்கொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு ஓராண்டில் பார்வை பெரிதாக இறங்காமல் நின்றது. மருந்தில்லாதவர்களில் அவ்வாறு நின்றது 62 பேருக்கே. மூன்றில் ஒருவருக்குப் பார்வை குறிப்பிடத்தக்க அளவு மேம்படவும் செய்தது. புற்றுநோய்க்கென வந்த பெவாசிசுமாப் மருந்தைச் சிறு அளவுகளாகப் பிரித்துக் கண்ணுக்குப் பயன்படுத்தும் வழக்கமும் அக்காலத்திலேயே தொடங்கியது. விலை மிகக் குறைவான அதுவும் ஏறக்குறைய இணையான பயனைத் தருகிறது என்று அமெரிக்க அரசின் செலவில் நடந்த ஒப்பாய்வு 2011இல் காட்டியது. ஒரே குப்பியிலிருந்து பலருக்குப் பிரிப்பதால், கிருமி புகாத தூய்மையோடு பிரிக்கும் இடத்தில் மட்டுமே அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ராணிபிசுமாப்பின் இணைமருந்து 2015இல் இந்தியாவிலேயே உருவாகி விற்பனைக்கு வந்தது. இடைவெளியை நீட்டித்துப் போடத்தக்க மருந்துகளும் பின்னர் வந்துள்ளன.

ஊசி போடும் விதம் நாம் அஞ்சுவது போன்றதன்று. சொட்டு மருந்தால் கண் மரத்துப்போகிறது. கருவிழியில் அன்று, வெள்ளை விழியின் ஓரத்தில் மெல்லிய ஊசி ஒரு நொடி இறங்குகிறது. "எறும்பு கடிச்ச மாதிரி" என்றார் நன்னி. ஒருமுறையோடு முடிவதில்லை என்பதே கடினம். முதல் மூன்று மாதம் மாதத்திற்கு ஒன்று, பிறகு கண்ணின் நிலைக்கேற்பத் தொடர வேண்டியிருக்கும். கொஞ்சம் தெளிந்ததும் "போதும்" என்று நிறுத்திவிடுகிறவர்களே மீண்டும் இரத்தக் கசிவோடு வருகிறார்களாம்.

சில ஆயிரம் ஊசிகளில் ஒன்றில் கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிக்கக்கூடும். ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலி கூடினால், கண் சிவந்தால், பார்வை மங்கினால் அன்றிரவே போக வேண்டும். விடியட்டும் என்று இருக்கலாகாது.

நம் வீடுகளில் எழும் ஓர் ஐயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஊசியின் நாள் ரமளானில் வந்தால் பலர் பெருநாள் வரை தள்ளிப் போடுகிறார்கள். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, கண் சொட்டு மருந்தையும், தோல், தசை, மூட்டு, நரம்பு ஆகியவற்றில் போடப்படும் ஊட்டச்சத்தல்லாத ஊசிகளையும் நோன்பை முறிக்காதவற்றில் சேர்த்தது. கண்ணுக்குள் போடும் ஊசியைப் பற்றியும், கண்ணில் நீர் படலாகாது என்று மருத்துவர் சொல்லும் நாட்களில் ஒளுச் செய்யும் முறையைப் பற்றியும் தங்கள் ஊர் ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசியின் நாளை மட்டும் தள்ளாதீர்கள்.

நன்னிக்கு ஊசிகளால் இரத்தம் வற்றியது. கறுப்புத் தட்டு சாம்பல் நிறமாகி, பிறகு அழுக்குக் கண்ணாடி போலாயிற்று. அருகில் வந்தால் முகம் தெரிந்தது. முஸ்ஹஃபின் எழுத்து திரும்பி வரவேயில்லை. மனனமாயிருந்த சூராக்களை ஓதினார். மனனத்தில் இல்லாதவற்றைச் சிறுமியர் ஓத, கேட்டார். தெருவில் எதிர்ப்பட்டவர்களை அடையாளம் தெரியாமல் கடந்து போனதால், "பெரியவங்களுக்கு இப்போ பெருமை வந்துட்டுது, பார்த்தும் பேச மாட்டேங்கிறாங்க" என்று ஒரு வீட்டில் மனத்தாங்கலே வந்துவிட்டது. நடையில் தடுமாற்றம் இல்லை, தண்ணீர்ச் செம்பைத் தாமே எடுக்கிறார்; இவருக்கா கண் தெரியவில்லை என்று எவருக்கும் தோன்றும். ஓரப்பார்வை மிஞ்சும் நோய் அது. முழு இருள் இதனால் மட்டும் வருவதில்லை.

முற்றத்தில் வந்த பிள்ளைகள்

அடுத்து நடந்ததை எழுதச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு நாள் அஸருக்குப் பின் உம்மா முற்றத்தைக் கடந்தபோது நன்னி தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்தப் பிள்ளைங்க யாரு?" முற்றத்தில் எவரும் இல்லை. முழங்கால் உயரமே உள்ள பிள்ளைகள், பூவேலை செய்த தொப்பியும் வண்ணச் சட்டையும் அணிந்து, கிணற்றடியில் வரிசையாக நிற்கிறார்களாம். பேசுவதில்லையாம். சற்று நேரத்தில் காணாமல் போகிறார்களாம். சில வேளை பிள்ளைகளுக்குப் பதிலாகச் சுவர் முழுக்கச் செங்கல் கட்டம் போட்டாற்போலத் தெரிகிறதாம்.

வீடு நடுங்கிவிட்டது. உறவினர் ஒருவர் தண்ணீர் ஓதிக் கொண்டுவந்தார். மற்றொருவர் தாயத்து என்றார். கிணற்றடிக்குப் பிள்ளைகளை விடாதீர்கள் என்று ஒரு மாமி எச்சரித்தார். ஓதக் கற்க வந்த சிறுமியர் ஒருவர்பின் ஒருவராக நின்றுபோனார்கள். நன்னி அதன்பின் எதையும் சொல்வதில்லை. தாம் கண்டதைவிட, தம்மைப் பற்றி வீடு என்ன நினைக்கிறது என்பதே அவரை வாட்டியது.

அடுத்த ஊசிக்குப் போனபோது உம்மா தயங்கித் தயங்கி மருத்துவரிடம் சொன்னார். அவர் வியக்கவேயில்லை. நன்னியின் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, "சத்தம் ஏதும் கேட்கிறதா, பாட்டி? அவர்கள் உண்மையில் இருப்பதாக நினைக்கிறீர்களா?" என்று கேட்டார். "இல்லை தம்பி. இல்லைன்னு தெரியுது. ஆனாலும் தெரியுறாங்களே!" என்றார் நன்னி.

இதற்குச் சார்ல்ஸ் பொனே நோய்க்குறி என்று பெயர். பொனே என்பவர் ஜெனீவா நகரத்து இயற்கை அறிஞர். கண்புரையால் பார்வை குன்றிய தம் பாட்டனார், ஆள்களையும் பறவைகளையும் கட்டடங்களையும் காண்பதாகச் சொன்னதை அவர் 1760இல் எழுதி வைத்தார். பாட்டனார் நல்ல அறிவுத்தெளிவோடு இருந்தார். காண்பவை மெய்யல்ல என்பதையும் அறிந்திருந்தார். பார்வைச் செய்தி வந்துகொண்டிருந்த வழி அடைபடும்போது, மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை. வெற்றிடத்தைத் தானே உருவங்களால் நிரப்பிக்கொள்கிறது. கால் எடுக்கப்பட்டவருக்கு இல்லாத பாதத்தில் அரிப்பு எடுப்பதில்லையா, அதைப் போன்றது இது. மாக்குலா நோயால் பார்வை இழந்த முதியோர் பலருக்கு இவ்வாறு தோன்றுகிறது. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களே என்றஞ்சி அவர்கள் வாய் திறப்பதில்லை.

ஜின்கள் என்னும் படைப்பு உண்டு என்பது நம் ஈமானைச் சார்ந்தது. அதை மறுத்துப் பேசுவதாக எவரும் கருத வேண்டாம். பார்வை குன்றிய பிறகு, ஓசையில்லாமல், மெய்யல்ல என்று காண்பவரே அறிந்திருக்க, உருவங்கள் வந்து போனால் அது கண்ணின் சேதத்தால் விளைவது. ஓதிப் பார்ப்பதில் ஆறுதல் உண்டென்றால் ஓதட்டும். கண் மருத்துவரிடம் சொல்லாமல் மறைப்பதுதான் தவறு. உருவங்களோடு உரையாடினால், அவை பேசுவதாகச் சொன்னால், மெய்யென்றே நம்பினால், அல்லது மறதியும் சேர்ந்து வந்தால், அது வேறு நோயாக இருக்கலாம். அப்போது நரம்பியல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

பொனே நோய்க்குறிக்குப் பெரும்பாலும் மருந்து தேவைப்படுவதில்லை. உருவம் தோன்றும்போது விளக்கைப் போடுவதும், கண்ணைப் பலமுறை மூடித் திறப்பதும், தலையை அசைக்காமல் பார்வையை மட்டும் இடம் வலமாகத் திருப்புவதும் சிலருக்கு அதைக் கலைத்துவிடுகின்றன. பலருக்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தானே குறைந்துவிடும். சிலருக்கு நீடிப்பதும் உண்டு. நன்னிக்கோ, மருத்துவர் சொன்ன ஒரு சொல்லே மருந்தாயிற்று. "உங்களுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, பாட்டி" என்றார் அவர். வீடு திரும்பும் வரை நன்னி அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

தடுக்க முடிந்தவை

வயதையும் பரம்பரையையும் நாம் மாற்ற முடியாது. மாற்றக் கூடியவற்றுள் முதன்மையானது புகை. சிகரெட்டும் பீடியும் நுரையீரலைக் கெடுக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்; மாக்குலாவையும் கெடுக்கும் என்று அறிந்தவர் சிலரே. நம் வீடுகளில் பெண்கள் புகைப்பதில்லை. ஆனால் மூடிய அறையில் கணவர் விடும் புகையை ஐம்பது ஆண்டுகள் சுவாசித்தவர்கள் எத்தனை பேர்!

சத்து மாத்திரைகளைப் பற்றி மருந்துக் கடைகளில் பெரும் பேச்சு நடக்கிறது. அமெரிக்காவில் நடந்த இரு பெரும் ஆய்வுகளின் முடிவுகள் 2001இலும் 2013இலும் வெளிவந்தன. வைட்டமின் சி, ஈ, துத்தநாகம், தாமிரம், லூட்டின், ஸீயாசாந்தின் ஆகியவை குறிப்பிட்ட அளவில் சேர்ந்த மாத்திரை, நடுத்தர நிலையில் நோய் உள்ளவர்களுக்கு அது முற்றும் அபாயத்தை ஐந்தாண்டுகளில் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைத்தது. நோயே இல்லாதவர்க்கும் தொடக்க நிலையினர்க்கும் அதனால் பயன் தெரியவில்லை. பழைய கலவையில் இருந்த பீட்டா கரோட்டின் புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுவதால் நீக்கப்பட்டது. மீனெண்ணெய் மாத்திரை சேர்த்ததால் கூடுதல் நன்மை எதுவும் காணப்படவில்லை. மீனைச் சட்டியில் ஆக்கி உண்பதையும், முருங்கைக் கீரையையும் மாத்திரைக்கு முன் வைப்பது என் கட்சி.

உலர் வகையின் முற்றிய நிலைக்கு 2023இல் அமெரிக்காவில் இரு ஊசி மருந்துகள் அனுமதி பெற்றன. அவை சிதைவின் வேகத்தைக் குறைக்கின்றன. போன பார்வையைத் தருவதில்லை. அக்கண்களுக்கு விளக்கு வெளிச்சமும், உருப்பெருக்கியும், பெரிய எழுத்து முஸ்ஹஃபும், ஓரப்பார்வையால் படிக்கும் பயிற்சியும் பேருதவி செய்யும். படிக்கட்டின் விளிம்புகளில் வெள்ளைப் பட்டை தீட்டி வைத்தால் இடுப்பெலும்பு தப்பும்.

வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் மார்க் அம்ஸ்லர் என்னும் கண் மருத்துவர் வகுத்த கட்டத்தாள் அது. நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் சதுரக் கட்டங்கள். மருத்துவமனையில் கேட்டால் தருவார்கள். படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மறு கண்ணால் புள்ளியையே பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மாற்ற வேண்டும். கோடு நெளிந்தாலோ, கட்டம் மறைந்தாலோ, கறை தெரிந்தாலோ அந்த வாரத்திலேயே விழித்திரை மருத்துவரைக் காண வேண்டும். தாள் இல்லாத வீட்டில் ஜன்னல் கம்பி உண்டு. கட்டம் போட்ட தரை உண்டு. இரண்டு கண்களையும் திறந்து வைத்துப் பார்க்கும் சோதனை சோதனையே அன்று. எங்கள் நன்னி எத்தனையோ ஆண்டுகள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நன்னி 2021இல் மறைந்தார். கடைசி ஆண்டுகளில் பிள்ளைகள் வருவது குறைந்துவிட்டது. "பச்சைச் சட்டைக்காரன் மட்டும் எப்பவாவது வந்துட்டுப் போறான்" என்பார், சிரித்துக்கொண்டே. ஓதக் கற்கும் சிறுமியர் திரும்பி வந்திருந்தார்கள். அவர்கள் ஓதுவதில் பிழை வந்தால் முன்போலவே தலையை நிமிர்த்துவார்; பார்வை மட்டும் பிள்ளையின் முகத்திற்குச் சற்றுப் பக்கத்தில் நிற்கும்.

அவர் மகளான எங்கள் உம்மாவின் இரு கண்களிலும் டுரூசன் பொட்டுகள் இருப்பதைச் சென்ற ஆண்டு கண்டார்கள். வெள்ளிக்கிழமைக் காலையில், குளித்துத் துணி மாற்றியதும், அவர் அறை ஜன்னலின் எதிரே நின்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கம்பிகளைப் பார்க்கிறார். பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்க்கிறார். "நேராத்தான் இருக்கு" என்று அடுக்களைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் தேநீருக்கு வருவார்.